பழைய பூட்டுக்குப் புதிய வில்

திருமலைராயன்பட்டினம், நாகூர், காரைக்கால், தரங்கம்பாடி என்று வங்கக் கடலை ஒட்டி அமைந்த காவிரிக் கழிமுகத்து ஊர்களில், பழைய வீடுகளின் தேக்குக் கதவும் பித்தளைப் பூட்டும் தலைமுறைகளைத் தாண்டி நின்றாலும், பூட்டின் வயிற்றுக்குள் இருக்கும் விரல் நீளத் தகட்டு வில் பெரும்பாலும் அவ்வளவு காலம் தாங்குவதில்லை. உப்புக் காற்றில் துருப்பிடித்து அது ஒருநாள் ஒடிந்துவிட்டால், சாவி சுழலுமே தவிர நாக்கு அதற்குரிய இடத்தில் நிற்காது. அத்தகைய பூட்டுக்கு உரிய வில் எந்தக் கடையிலும் கிடைக்காது என்பதால், பூட்டைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுவது, அல்லது ஒடிந்ததைப் பார்த்து அதேபோல் ஒன்றைச் செய்து பொருத்துவது என்ற இரண்டு வழிகளே வீட்டுக்காரருக்கு மிஞ்சுகின்றன. இரண்டாவது வழியில் செல்வதற்கு எந்த எஃகைத் தேர்ந்தெடுப்பது, அதை எப்படிச் சூடாக்கிப் பதப்படுத்துவது என்பதே இங்கே விளக்கப்படுகிறது.

ஸ்பிரிங் என்றவுடன் பேனாவுக்குள் இருக்கும் சுருள் கம்பியே இன்று பலருக்கும் நினைவுக்கு வருகிறது. ஆயினும் பழைய பூட்டிலும், சக்கிமுக்கிக் கல்லால் தீப்பொறி எழுப்பிச் சுடும் பழைய துப்பாக்கியிலும், மாட்டு வண்டிகளில் சொகுசானதாகக் கருதப்பட்ட வில்வண்டியிலும் இருப்பது தட்டையான எஃகுப் பட்டையே. வண்டிக்குப் பெயர் வந்ததும் அந்தப் பட்டையின் வளைவால்தான். பழையதன் அளவையும் வடிவையும் வேலையையும் பின்பற்றிப் புதிதாகச் செய்யப்படும் இத்தகைய பட்டையை மாற்று வில் என்று குறிப்பிடலாம்.

பூட்டில் வில் செய்யும் வேலையை அறியாமல் மாற்று வில் செய்ய முடியாது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு போன்ற லீவர் பூட்டுகளில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மெல்லிய தகடுகளை அவற்றின் இடத்தில் அழுத்திப் பிடித்திருப்பது வில்தான். சாவியின் பற்கள் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்கும்போது நாக்கு நகர்கிறது, சாவி விலகியதும் வில் தகடுகளைப் பழைய இடத்துக்குத் தள்ளுகிறது. சாவியைத் திருகாமல் உள்ளே தள்ளித் திறக்கும் இன்னும் பழைய தொங்குபூட்டு வகையிலோ, பூட்டின் ரகசியமே வில்தான்: கொக்கித் தண்டின் நுனியில் ஒட்டிய இரண்டு மூன்று தகட்டு விற்கள் அம்பு முனையின் செதில்போல் பின்னோக்கி விரிந்து உள்சுவரில் முட்டி நிற்கின்றன, சாவியின் துளைகள் அவற்றின்மீது ஏறி அமுக்கி ஒடுக்கினால்தான் தண்டு வெளியே வரும். முதல் வகையில் வில் சற்று விறைப்பாக அமைந்தால் சாவி கனமாகத் திரும்பும், அவ்வளவே. இரண்டாம் வகையிலோ சாவி உள்ளேயே போகாது.

இந்த விறைப்பு எதைப் பொறுத்தது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். வில் தளர்வாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கடினமாகத் தோய்க்க வேண்டும் என்றும், மிகவும் விறைத்தால் பதத்தை இறக்க வேண்டும் என்றும் பட்டறைகளில் சொல்லப்படுவதுண்டு, இரண்டுமே சரியில்லை. ஒரே எஃகிலிருந்து ஒரே அளவில் வெட்டிய இரண்டு பட்டைகளில் ஒன்றைப் பதப்படுத்தி, மற்றதை அப்படியே விட்டு, இரண்டின் நுனியிலும் 100 கிராம் எடையைத் தொங்கவிட்டால், இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவே வளையும். எடையைக் கூட்டிக்கொண்டே போகும்போதுதான் வேற்றுமை வெளிப்படுகிறது: பதப்படுத்தாத பட்டை ஓர் எல்லைக்கு மேல் வளைந்த இடத்திலேயே தங்கிவிடும், பதப்படுத்தியது அதைவிடப் பல மடங்கு எடையைத் தாங்கி, எடையை எடுத்ததும் நிமிர்ந்துவிடும். திரும்பி வரக்கூடிய அந்தக் கடைசி வளைவை மீள் எல்லை என்பார்கள். சூடும் தோய்ச்சலும் மாற்றுவது இந்த எல்லையைத்தான். விறைப்பைத் தீர்மானிப்பவை நீளமும் அகலமும் தடிப்புமே.

அவற்றுள்ளும் தடிப்பின் அதிகாரம் பெரிது. அகலத்தை இரட்டித்தால் விறைப்பு இரட்டிக்கும், தடிப்பை இரட்டித்தால் எட்டு மடங்காகும். 1 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய வில்லை 1.25 மில்லிமீட்டர் தகட்டில் செய்துவிட்டால், கண்ணுக்குத் தெரியாத அந்தக் கால் மில்லிமீட்டரால் விறைப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது. தடித்த வில் அதே அளவு வளைய வேண்டியிருப்பதால் அதன் மேற்பரப்பில் ஏற்படும் இழுவிசையும் கால் பங்கு கூடுகிறது. உறுதிக்காகத் தடிப்பாகச் செய்த வில் சீக்கிரம் ஒடிவதற்குக் காரணம் இதுவே. ஆகவே மாற்று வில் செய்யும் வேலையில் முதல் கருவி உலையோ சம்மட்டியோ இல்லை, தடிப்பை நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வரை காட்டும் மைக்ரோமீட்டர்தான். துரு தின்ற பழைய வில்லை அளக்கும்போது துருவேறாத இடமாகப் பார்த்து நாலைந்து இடங்களில் அளக்க வேண்டும். வில் வேர்ப்பகுதியில் தடித்து நுனியில் மெலிந்திருந்தால் அந்தச் சரிவையும் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் வளைவு முழு நீளத்திலும் பரவி, ஒரே இடத்தில் சுமை ஏறாமல் இருக்கவே பழைய கைவினைஞர் அப்படி மெலித்திருப்பார்.

அடுத்தது எஃகின் தேர்வு. இரும்போடு சேர்ந்திருக்கும் கரியின் அளவே அதைத் தோய்க்க முடியுமா என்பதைத் தீர்மானிக்கிறது. ஜன்னல் கம்பிக்கும் கிரில்லுக்கும் பயன்படும் மைல்டு ஸ்டீலில் கரி 0.25 விழுக்காட்டுக்குள் இருப்பதால், அதை எவ்வளவு சிவக்கக் காய்ச்சித் தோய்த்தாலும் வில்லாகாது. வில்லுக்கு ஏற்ற வெறும் கரி எஃகில் கரி 0.6 முதல் 1 விழுக்காடு வரை இருக்கும். இந்தியச் சந்தையில் இன்றும் பழைய பிரிட்டிஷ் எண்களாலேயே வழங்கும் வகைகளில், ஈஎன் 42 என்பது 0.7 முதல் 0.85 விழுக்காடு கரி கொண்ட சாதாரண வில் எஃகு. ஈஎன் 45 என்பது கரியைச் சற்றுக் குறைத்து, சிலிக்கனை 1.5 முதல் 2 விழுக்காடு வரையும் அதோடு மாங்கனீசையும் சேர்த்தது, லாரிப் பட்டைகளின் இனத்தைச் சேர்ந்தது. ஈஎன் 47 குரோமியமும் வனேடியமும் கலந்தது. பூட்டுக்கும் அதுபோன்ற சிறு கருவிகளுக்கும் முதல் வகையே போதும். அதன் நடத்தை எளிது. சூட்டில் காட்டும் நிறங்களையும் நம்பலாம். உலோகக் கலவைகள் கூடக்கூடக் காந்தமும் கண்ணும் மட்டும் போதாமல் வெப்பமானி தேவைப்படும்.

இங்கே லாரிப் பட்டையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. திருப்பாச்சேத்தி அரிவாள் முதல் சிற்றூர்ப் பட்டறையின் கொடுவாள் வரை தமிழ்நாட்டில் பழைய லாரிப் பட்டையை அடித்துச் செய்யும் வழக்கம் நெடுநாளாக உண்டு, அரிவாளுக்கு அது நல்ல எஃகும்கூட. ஆனால் பல லட்சம் முறை வளைந்து நிமிர்ந்து ஓய்ந்த பட்டைக்குள் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல்கள் இருக்கக்கூடும். தடித்த அரிவாள் அதைப் பொறுத்துக்கொள்ளும், ஒரு மில்லிமீட்டர் வில் பொறுக்காது. உடைந்த ரம்பத் தகடு, குடைக் கம்பி, அரம் என்று கிடைத்ததை எடுத்துச் செய்யும்போதும் இதே சிக்கல்: உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரியாததால் எந்தச் சூட்டில் தோய்ப்பது என்பதும் தெரியாது. பெயர் தெரிந்த எஃகுப் பட்டையை நகரத்துக் கடையில் வாங்கும் செலவு, இரண்டு முறை ஒடிந்து மூன்றாம் முறை செய்யும் உழைப்பைவிடக் குறைவு. வேறு வழியில்லாதபோது மட்டும், அதே தகட்டிலிருந்து சோதனைத் துண்டொன்றை வெட்டித் தோய்த்து, ஒடித்துப் பார்த்து, உடைந்த முகம் நுண்ணிய சாம்பல் நிறப் பட்டுபோல் இருக்கிறதா, கற்கண்டுபோல் பருமணிகளாக மின்னுகிறதா என்று கண்டறியலாம். பருமணி தெரிந்தால் சூடு மிஞ்சிவிட்டது என்று பொருள்.

வில்லுக்கு எஃகு தேடிய கதையில் தமிழ்நாட்டுக்கும் இடமுண்டு. நொய்யல் கரைக் கொடுமணலிலும், வட தமிழகத்து மேல்சிறுவலூரிலும் கிடைத்த உலை, மூசைத் தடயங்கள், மண் மூசைக்குள் இரும்பையும் கரிப்பொருளையும் இட்டு மூடி உருக்கும் தொழில் இங்கே இருந்ததைக் காட்டுகின்றன. ஐரோப்பியர் ஊட்ஸ் என்று அழைத்த அந்த எஃகை 1795இல் ஜார்ஜ் பியர்சன் லண்டன் ராயல் சொசைட்டியின் முன் ஆராய்ந்து விளக்கினார். பின்னர் மைக்கேல் ஃபாரடேயும் அதை ஆராய்ந்தார். ஆனால் ஊட்ஸில் கரி ஒன்று முதல் இரண்டு விழுக்காடு வரை இருந்ததால் அது வாளுக்கும் கத்திக்கும் உகந்தது. மிஞ்சிய கரி கடினமான நுண்துகள்களாக இடையிடையே நிற்பதால், ஓயாமல் வளைந்து நிமிர வேண்டிய மெல்லிய வில்லுக்கு அது பொருந்தாது. பழம்பெருமையை எண்ணி எதற்கும் அதுவே சிறந்தது என்று சொல்லிவிட முடியாது.

பிரெஞ்சுக்காரர் காரைக்காலைப் பெற்ற 1739ஆம் ஆண்டை ஒட்டி, இங்கிலாந்தில் டான்காஸ்டர் ஊரின் கடிகாரத் தொழிலாளி பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன், கடிகார வில் அடிக்கடி ஒடிவதற்கு எஃகின் சீரின்மையே காரணம் என்று கண்டு, அதை மூசையில் முழுதாக உருக்கி ஒரே சீராக்கும் முறையை ஷெஃபீல்டு அருகே உருவாக்கினார். இது மிகவும் கடினம் என்று உள்ளூர்க் கத்தித் தொழிலாளர் வாங்க மறுத்ததால், அவர் அதைப் பிரான்சுக்கு விற்றார் என்றும், பிரெஞ்சுக் கத்திகளின் போட்டிக்கு அஞ்சியே ஷெஃபீல்டு பிறகு அதை ஏற்றது என்றும் வரலாறு கூறுகிறது. ஆக, இங்கிலாந்தின் மூசை எஃகுக்கு வித்திட்டது போர்வாளன்று, கடிகார வில். அடுத்த நூற்றாண்டில், காரைக்காலிலிருந்து கடலோரமாக வடக்கே கொள்ளிடம் தாண்டி இருக்கும் பரங்கிப்பேட்டையில் 1830 வாக்கில் இரும்பாலை தொடங்கிய ஜோசையா மார்ஷல் ஹீத், மூசை எஃகில் மாங்கனீசைச் சேர்த்தால் அது அடிக்கவும் ஒட்டவும் இசைந்து வருகிறது என்று கண்டு 1839இல் காப்புரிமை பெற்றார். எஃகைக் கெடுக்கும் கந்தகத்தையும் உயிர்வளியையும் மாங்கனீசு பிடித்துவைத்துக்கொள்கிறது என்பது அதன் விளக்கம். ஷெஃபீல்டு ஆலைகள் அவருடைய முறையைச் சிறிது திருத்திக் கட்டணமின்றிப் பயன்படுத்திக்கொண்டன. இதுபற்றிய வழக்கோ 1851இல் அவர் இறந்த பிறகும் தொடர்ந்தது. இன்று எந்த வில் எஃகின் கலவைத் தாளை எடுத்தாலும் மாங்கனீசு என்ற வரி அதில் இருக்கும்.

வேலைக்குத் திரும்பினால், பட்டையை வெட்டும்போதே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஆலையில் உருட்டிய திசை வில்லின் நீளவாக்கில் அமைய வேண்டும், குறுக்கே அமைந்தால், வாழைநாரைக் குறுக்கே மடித்ததற்கும் நெடுக மடித்ததற்கும் உள்ள வேறுபாடு இதிலும் தெரியும். அரத்தால் வடிவம் கொடுத்த பிறகு, குறுக்கே விழுந்த அரக்கீறல் ஒன்றுகூட இல்லாதபடி, உப்புத்தாளால் நீளவாக்கில் மட்டும் தேய்த்து மெருகேற்ற வேண்டும். வளையும் வில்லின் முழுச் சுமையையும் தாங்குவது அதன் மேல்தோலே என்பதால், குறுக்குக் கீறல் ஒவ்வொன்றும் நாளைய விரிசலின் தொடக்கம். வில்லை ‘வி’ வடிவில் மடிக்க வேண்டியிருந்தால், சிவக்கக் காய்ச்சி, இடையில் மெல்லிய தகடு ஒன்றை வைத்து, முனை கூராகாமல் சிறு வளையமாகவே மடிக்க வேண்டும்.

இதன் பிறகே தோய்ச்சல். சில பட்டறைகளில் துவைச்சல் என்றும் வழங்கும் இச்சொல், எஃகைச் சிவக்கக் காய்ச்சி நீர்மத்தில் சட்டென்று ஆற்றுவதைக் குறிக்கிறது. எஃகு ஏறத்தாழ 727 டிகிரி செல்சியசைத் தாண்டும்போது அதன் உள்ளமைப்பு மாறி, அதுவரை தனித் தட்டுகளாக நின்ற கரி இரும்புக்குள் கரைகிறது. மெல்ல ஆறவிட்டால் கரி பிரிந்து பழைய நிலைக்கே போய்விடும். சட்டென்று ஆற்றினால் வெளியேற நேரமின்றி அகப்பட்டுக்கொண்டு, அணுக்களின் அடுக்கையே விறைத்துப் போகச் செய்கிறது. மார்ட்டென்சைட்டு எனப்படும் இந்த நிலையில் எஃகு கண்ணாடிபோல் கடினமாகவும் கண்ணாடிபோலவே நொறுங்கக்கூடியதாகவும் இருக்கும். சரியான சூட்டை அறியக் காந்தம் துணை செய்கிறது: 770 டிகிரிக்கு அருகே இரும்பு காந்தத்தால் ஈர்க்கப்படும் தன்மையை இழக்கிறது, காந்தம் ஒட்டாமல் போன பின் நிறம் இன்னும் ஒரு படி ஏறி 800ஐ ஒட்டியதும் கரி எஃகு தோய்ச்சலுக்குத் தயார். குன்றிமணிச் சிவப்புக்குச் சற்று மேலான அந்த நிறம் மங்கிய வெளிச்சத்தில்தான் சரியாகத் தெரியும். கடற்கரை வெயிலில் திறந்த கொட்டகையில் பார்ப்பவருக்கு எஃகு இருட்டாகத் தெரிவதால், சூடு 100 டிகிரி மிஞ்சிய பிறகே கையெடுப்பார். பட்டறைகள் முன்பு இருட்டாக இருந்ததற்கு வறுமை மட்டும் காரணமில்லை.

மெல்லிய வில்லைத் துருத்திக் காற்று நேரே படும்படி நெருப்பில் வைத்தால், மேல்தோலில் உள்ள கரி எரிந்துபோய், எந்த இடம் வலுவாக இருக்க வேண்டுமோ அந்த இடமே மெத்தென்றாகிவிடும். ஒரு பக்கம் அடைத்த இரும்புக் குழாய்க்குள் கரித்தூளோடு வில்லை இட்டுக் குழாயைக் காய்ச்சுவது இதற்கு எளிய மாற்று. சூடும் சீராகப் பரவும். ஆற்றுவதற்குத் தண்ணீர் வேண்டாம். அது மிக வேகமாக ஆற்றி மெல்லிய எஃகைக் கோணவும் வெடிக்கவும் வைக்கும். சுமார் 50 டிகிரிக்கு இதமாகச் சூடேற்றிய கடலை எண்ணெயில் வில்லைச் செங்குத்தாக இறக்கி, பக்கவாட்டில் அலையவிடாமல் மேலும் கீழுமாக அசைக்க வேண்டும். தீப்பற்றினால் அணைக்கத் தகர மூடி அருகிலேயே இருக்க வேண்டும். எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. வெளியே எடுத்த வில்லின் ஓரத்தில் புது அரத்தை வைத்து இழுத்தால் அது கண்ணாடிமேல் போவதுபோல் வழுக்க வேண்டும். அரம் கடித்தால் தோய்ச்சல் பிடிக்கவில்லை.

இந்த நிலையில் கீழே போட்டாலே வில் உடைந்துவிடலாம் என்பதால், அன்றே அதைப் பதமிறக்க வேண்டும். அதாவது மிதமாக மீண்டும் சூடாக்கி, கடினத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து மீளும் தன்மையைப் பெற வேண்டும். வேர்க்கடலை வறுப்பதற்கு இரும்புச் சட்டியில் மணலைக் காய்ச்சும் முறை தமிழ் வீடுகளுக்குப் பழக்கமானதே. அதே மணல் இதற்கும் பயன்படுகிறது. மெருகேற்றிப் பளிச்சென்று வைத்த வில்லைக் காய்ந்த மணலில் பாதி புதைத்துக் கவனித்தால், 220 டிகிரியை ஒட்டி அதன்மேல் வைக்கோல் மஞ்சள் படரும்; பிறகு பழுப்பு, 280க்கு அருகே கத்தரிப்பூ ஊதா, 300ஐ ஒட்டி மயில்கழுத்து நீலம் என்று நிறங்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வரும். மேற்பரப்பில் உண்டாகும் உயிர்வளிச் சேர்மப் படலத்தின் தடிப்பே இந்த நிறங்களைத் தருகிறது. கத்திக்கு மஞ்சளோடு நிறுத்துவார்கள். வில்லுக்கு நீலம் முழுவதும் சீராகப் பரவி, சற்று வெளிறத் தொடங்கும் வரை விட வேண்டும். ஓரிடம் நீலமும் ஓரிடம் ஊதாவுமாக இருந்தால் அந்த எல்லைக்கோட்டில்தான் வில் பின்னாளில் ஒடியும். ஈஎன் 45 போன்றவற்றுக்கு 400 டிகிரிக்கு மேல் வேண்டியிருப்பதால் நிறம் அங்கே உதவாது, சூளைதான் வேண்டும். ஐரோப்பியத் துப்பாக்கித் தொழிலாளர் 327 டிகிரியில் உருகும் ஈயத்தில் வில்லை முக்கிப் பதமிறக்கினார்கள், அல்லது எண்ணெய் தடவி அது தானே பற்றியெரியும் வரை சூடாக்கினார்கள். ஈயப் புகை நஞ்சு என்பதால் முதல் முறை வீட்டுப் பட்டறைக்கு ஆகாது.

ஆறிய வில்லை வைஸில் பிடித்து, பூட்டுக்குள் வளைய வேண்டிய அளவைவிடச் சற்றே கூடுதலாகப் பத்துப் பன்னிரண்டு முறை அமுக்கி விட்டு, அளந்து பார்க்க வேண்டும். முதல் இரண்டு முறையில் மயிரிழை அளவு தளர்ந்து பிறகு நிலைத்துவிட்டால் குறையில்லை. ஒவ்வொரு முறையும் தளர்ந்துகொண்டே போனால் பதம் அதிகமாக இறங்கிவிட்டது என்று பொருள், மீண்டும் தோய்ச்சலிலிருந்தே தொடங்க வேண்டும். சுவர்க் கடிகாரம், கிராமபோன் ஆகியவற்றின் சுருட்டு வில்லை மட்டும் இப்படிக் கையால் செய்யும் முயற்சி வீண். மீட்டர் கணக்கில் நீளும் மெல்லிய நாடாவை முழுநீளமும் ஒரே பதத்தில் வைக்க ஆலையால்தான் முடியும். அகலம், தடிப்பு, நீளம் மூன்றையும் அளந்து விலைக்கு வாங்குவதே அங்கே அறிவுடைமை.

கடலோர ஊருக்கென்று ஒரு தனித் தொல்லையும் உண்டு. பித்தளைக் கூட்டுக்குள் எஃகு வில் இருக்க, உப்பு ஈரம் இரண்டையும் இணைத்துவிட்டால், அது ஒரு சிறு மின்கலமாகி, பித்தளையைக் காத்து எஃகை அரிக்கிறது. திருமலைராயன்பட்டினத்துப் பூட்டின் வில், உள்நாட்டு ஊர் ஒன்றிலுள்ள அதே பூட்டின் வில்லைவிடச் சீக்கிரம் பள்ளம் விழுந்து ஒடிவதற்கு இந்த மின்கலமும் ஒரு காரணம். அன்றாடம் பயன்படும் கதவுப் பூட்டுக்கு, தோய்ச்சலே தேவையில்லாமல் ஆலையில் உருட்டியே கடினமேற்றிய துருப்பிடிக்காத எஃகு நாடாவை வெட்டிப் பொருத்துவது தவறாகாது. பழமை மாறாமல் காக்க வேண்டிய பூட்டுக்குக் கரி எஃகே சரி, அதன்மேல் கிரீசை மெல்லப் பூசி ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும். துருவை நீக்க அமிலத்தில் ஊறப்போடுவது கூடவே கூடாது: அமிலத்திலிருந்து எழும் நீர்வளி கடினமான எஃகுக்குள் புகுந்து, வேலை முடிந்து நாளான பிறகு வில்லை முன்னறிவிப்பின்றி ஒடிக்கும். செய்த ஆண்டை வில்லில் பொறிக்க விரும்புபவர், வளையாத அடிப்பகுதியில் மட்டும் பொறிக்கலாம்.

பழைய பூட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வில் ஒடிந்தால் அதன் துண்டுகளை எறிந்துவிட வேண்டாம். தடிப்பு, சரிவு, மடிப்பு என்று மாற்று வில்லுக்கு வேண்டிய அளவுகள் அனைத்தும் இருப்பது அவற்றில்தான். இரண்டு துண்டுகளையும் எண்ணெய் தடவிய தாளில் மடித்து, எந்தப் பூட்டுக்கு உரியது என்று எழுதி, அந்தப் பூட்டோடு சேர்த்துக் கட்டி வையுங்கள்.